நிலநடுக்கத் தரவு தேடும் டூலுக்கு, ஏஐ ஏஜென்ட் படிக்கும்படி விளக்கம் எழுதுவது எப்படி?

எழுத்தாணி_கோவை

எல்லோருக்கும் வணக்கம். மென்பொருள் குழு ஒன்றில் ஆவணம் எழுதுவது என் வேலை. இதுவரை எழுதியதெல்லாம் மனிதர்கள் படிப்பதற்கு. இப்போது முதல் தடவையாக ஏஜென்ட், அதாவது டூல்களைத் தானே அழைத்துப் பயனருக்குப் பதில் சொல்லும் ஏஐ மாடல், படிப்பதற்கு எழுத வேண்டியிருக்கிறது. எங்கே தொடங்குவது என்றே பிடிபடவில்லை.

யூஎஸ்ஜிஎஸ், அதாவது அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம், உலக நிலநடுக்கப் பட்டியலை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கும்படி ஒரு ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்கும் வழி) வைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது. எங்கள் ஆட்கள் அதன் மேல் ஒரு எம்சிபி டூல் (ஏஐ மாடல் அழைத்துப் பயன்படுத்தும் கருவி) கட்டியிருக்கிறார்கள். தொடக்க நேரம், முடிவு நேரம், குறைந்தபட்ச அளவு, அட்சரேகை, தீர்க்கரேகை, எத்தனை கிலோமீட்டர் சுற்றில், எத்தனை பதிவுகள், எந்த வரிசையில் என்று கொஞ்சம் பராமீட்டர்கள்தான். டூலுக்கு அவர்கள் எழுதி வைத்திருந்த விளக்கம் ஒரே வரி: "நிலநடுக்கத் தரவைத் தேடும்."

நிரலில் கோளாறு இல்லை. நேரடியாக அழைத்தால் சரியான தரவு வருகிறது. ஏஜென்ட் வழியாகக் கேட்டால்தான் பதில்கள் பயமுறுத்துகின்றன. "புதுச்சேரிக் கடலோரத்தில் எப்போதாவது நிலநடுக்கம் வந்திருக்கிறதா?" என்று கேட்டேன். "பதிவுகள் எதுவும் இல்லை" என்றது. 2001 செப்டம்பர் 25 ராத்திரி புதுச்சேரிக் கடலில் வந்த நிலநடுக்கத்தில் சென்னையில் சனங்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடிவந்ததை அனுபவித்தவர்கள் இங்கேயே பலர் இருப்பீர்கள். அப்புறம், "1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தில் கில்லாரி பக்கம் என்ன நிலநடுக்கம்?" என்று கேட்டேன். "அன்றைய தேதியில் அந்தப் பகுதியில் எதுவும் பதிவாகவில்லை" என்று தெளிவாக, தயக்கமே இல்லாமல் சொன்னது. பத்தாயிரத்தை ஒட்டி மனிதர்கள் இறந்துபோன நிலநடுக்கம் அது.

டெவலப்பர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். "விளக்கத்தை நீட்டினால் ஒவ்வொரு உரையாடலிலும் டோக்கன் (மாடல் படிக்கும் சொல்துண்டு) செலவு, மாடலே புரிந்துகொள்ளும்" என்பது ஒரு கட்சி. "யூஎஸ்ஜிஎஸ் ஆவணத்தையே அப்படியே ஒட்டிவிடு" என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. இப்படி டூல்களுக்கு எழுதியவர்கள் யாராவது இருந்தால், எதை எழுதுவது, எதை விடுவது என்று சொல்லுங்கள்.

தென்கரை_நிரலர்

நல்ல கேள்வி, அதுவும் நல்ல உதாரணங்களோடு கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பதில்களும் ஒரே மாதிரி தெரிந்தாலும் காரணம் வேறு வேறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரிக் கேள்வியில் பயனர் தேதி எதுவும் சொல்லவில்லை. ஏஜென்டும் தொடக்க நேரத்தைக் காலியாக விட்டிருக்கும். அப்படி விட்டால் யூஎஸ்ஜிஎஸ் எடுத்துக்கொள்வது கடந்த 30 நாட்களை மட்டும். "எப்போதாவது" என்ற கேள்விக்குப் போன மாதத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பதில் வந்திருக்கிறது.

கில்லாரி விஷயம் இன்னும் நுணுக்கம். நம் கணக்கில் அது 30-ஆம் தேதி அதிகாலை 3:55 தாண்டி. பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து சனங்கள் அசந்து தூங்கிக்கொண்டிருந்த நேரம். யூடிசி, அதாவது உலகப் பொது நேரக் கணக்கில் அதே கணம் 29-ஆம் தேதி இரவு 10:25. பட்டியலில் இருப்பது யூடிசி நேரம். தேதியை மட்டும் கொடுத்தால் யூடிசி நள்ளிரவு 00:00 என்று எடுத்துக்கொள்ளும். ஆக, 30 முதல் அடுத்த நாள் வரை என்று ஏஜென்ட் கேட்டது உண்மையில் இந்திய நேரம் 30-ஆம் தேதி காலை 5:30-க்குப் பிந்தைய ஒரு நாளை. நிலநடுக்கம் அதற்குள் முடிந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நம் ஊரில் நள்ளிரவு முதல் காலை 5:30 வரை நடக்கும் எதுவும் இந்த ஓட்டையில் விழுந்துவிடும். உங்கள் விளக்கத்தில் "யூடிசி" என்று மட்டும் எழுதினால் போதாது என்பது என் கருத்து. "பயனர் சொல்லும் தேதி உள்ளூர்த் தேதி. இந்தியா என்றால் முந்தைய நாள் 18:30 யூடிசியில் அது தொடங்குகிறது" என்று கணக்கையே எழுதுங்கள். மாடல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது பொதுவாக ஒன்று. மனிதர் படிக்கும் ஆவணத்தில் நீங்கள் ஒரு விஷயத்தை விட்டுவிட்டாலும், காலிப் பட்டியலைப் பார்த்ததும் அவருக்கே ஒரு உறுத்தல் வரும். "கில்லாரியாவது பதிவாகாமல் இருக்கிறதாவது" என்று தேதியை மாற்றிப் பார்ப்பார். ஏஜென்டுக்கு அந்த உறுத்தல் வரும் என்று நம்பி எழுதக்கூடாது. கிடைத்ததை வைத்து அழகான ஒரு வாக்கியம் செய்து கொடுத்துவிடும். அதனால் இந்த டூலின் விளக்கத்தில் மிக அதிக இடம் போக வேண்டியது, காலிப் பட்டியல் வந்தால் அதற்கு என்ன பொருள், என்ன பொருள் இல்லை என்பதற்குத்தான். பராமீட்டர் பெயர்கள், வகைகள் எல்லாம் டூலோடு மாடலுக்குப் போகும் ஸ்கீமாவிலேயே (பராமீட்டர் பட்டியல்) இருக்கின்றன. அதைத் திரும்ப விளக்கத்தில் எழுதுவது வீண்.

காலிப் பட்டியலைவிட மோசமானது, தப்பான இடத்திலிருந்து வரும் நிரம்பிய பட்டியல். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறும் சிக்கல் இந்த ஏபிஐயில் சுலபமாக வரும். கேட்கும்போது இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். பதில் ஜியோஜேசன் என்ற தரவு வடிவத்தில் வரும்போது வரிசை தீர்க்கரேகை, அட்சரேகை, ஆழம். ஏஜென்ட் ஒரு பதிவின் எண்களை எடுத்து "இதைச் சுற்றி வேறு என்ன" என்று அடுத்த தேடலுக்குப் போடும்போது தலைகீழாகப் போட்டுவிடும். போர்ட் பிளேர் என்றால் தீர்க்கரேகை 92 சொச்சம். அட்சரேகை 90-க்கு மேல் போகாது என்பதால் உடனே பிழை வந்து காப்பாற்றிவிடும். கில்லாரி 18, 76. மாற்றிப் போட்டால் 76 வடக்கு, 18 கிழக்கு. பிழையே வராது. நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய உறைபனிக் கடல் அது. அங்கேயும் நிலநடுக்கம் உண்டு, 2008 பிப்ரவரியில் 6 அளவைத் தாண்டி ஒன்று வந்தது. "மராத்வாடாவில் 2008-இல் பெரிய நிலநடுக்கம்" என்று, கில்லாரி இருக்கும் பகுதியைச் சொல்லி ஏஜென்ட் எழுதிக்கொடுத்தால் படிப்பவருக்கு எப்படித் தெரியும்? சென்னை, மதுரை, மும்பை, டெல்லி எல்லாமே இந்த வகைதான். தலைகீழாகப் போட்டாலும் செல்லுபடியாகும் எண்கள்.

இதை விளக்கத்தில் எச்சரிக்கையாக எழுதிச் சமாளிக்காதீர்கள். டெவலப்பர்களிடம் சொல்லி, பதிலிலேயே அந்த மூன்று எண் வரிசையை எடுத்துவிட்டு அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம் கிலோமீட்டரில் என்று பெயரிட்ட மூன்று புலங்களாகத் தரச் சொல்லுங்கள். நேரமும் அப்படித்தான். யூஎஸ்ஜிஎஸ் அதை 1970 முதல் ஓடும் மில்லிசெகண்டாகத் தருகிறது. கில்லாரி 749341 என்று தொடங்கும் 12 இலக்க எண். 1950 ஆகஸ்ட் 15 அசாம் நிலநடுக்கம் 1970-க்கு முந்தையது, அதனால் கழித்தல் குறியோடு வரும். மாடலை இதைத் தேதியாக மாற்றச் சொன்னால் சில சமயம் சரியாக, சில சமயம் ஒரு நாள் தள்ளி வரும். டூலே மாற்றிக் கொடுக்கட்டும், யூடிசியும் உள்ளூர் நேரமும் இரண்டும். ஆவணம் எழுதுபவர் நிரலை மாற்றச் சொல்லலாமா என்று தயங்காதீர்கள். இந்த வேலையில் அதுவும் சேர்த்தி.

வரிசை பற்றி ஒன்று. எதுவும் சொல்லாவிட்டால் புதியது முதலில் வரும். "இந்த நூற்றாண்டில் சுமத்ரா பக்கம் மிகப் பெரியது எது" என்று கேட்டால், ஏஜென்ட் லிமிட் 10 என்று போட்டு, கடைசியாக வந்த பத்தில் பெரியதைச் சொல்லிவிடும். "பெரியது, வலிமையானது என்ற கேள்விக்கு அளவு வரிசை கட்டாயம்" என்று எழுதுங்கள்.

பாறை_மாணவி

நான் நில இயற்பியல் படிக்கிறேன், டூல் கட்டியதில்லை. ஆனால் இந்தப் பட்டியலோடுதான் தினமும் குடும்பம் நடத்துகிறேன். தரவின் பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

யூஎஸ்ஜிஎஸ் பட்டியலில் இல்லை என்றால் நிலநடுக்கமே நடக்கவில்லை என்று பொருள் இல்லை. அமெரிக்காவுக்குள் மிகச் சின்ன அதிர்வுகள்கூட இருக்கும். நம் பக்கம் 4 அளவுக்குக் கீழே பெரும்பாலும் இருக்காது. வேலூர், ஆம்பூர் பக்கம் பாத்திரம் உருளும் அளவுக்கு வரும் சின்ன அதிர்வுகளுக்கு டெல்லியில் இருக்கும் தேசிய நில அதிர்வு மையத்தின் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். "நேற்று ராத்திரி எங்கள் தெருவே ஆடியது, என்ன அது?" என்று ஒருவர் கேட்க, ஏஜென்ட் "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்றால் அது அவரைப் பொய்யர் ஆக்குவது. தென்கரை சொன்ன காலிப் பட்டியல் பத்தியில் இதற்கு முதல் இடம் கொடுங்கள்.

ஆழம் 10 கிலோமீட்டர் என்று ஏகப்பட்ட பதிவுகள் இருக்கும். பக்கத்தில் போதுமான நிலையங்கள் இல்லாமல் ஆழத்தைக் கணக்கிட முடியாதபோது 10 என்று நிலையாக வைத்துவிடுவார்கள். பழைய பதிவுகளில் 33-ஐ இதே மாதிரி பார்க்கலாம். ஏஜென்ட் இதை "சரியாகப் பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில் உருவானது" என்று எழுதும். அந்தச் "சரியாக" வரக்கூடாது.

சுனாமி என்று ஒரு புலம் இருக்கிறது, 0 அல்லது 1. இதுதான் எனக்குப் பெரிய கவலை. கடல் பகுதியில் நடந்த பெரிய நிலநடுக்கம் என்றால் 1. சுனாமி வந்ததா, வருமா என்பதை அது சொல்வதில்லை. யூஎஸ்ஜிஎஸ் ஆவணத்திலேயே இது தெளிவாக இருக்கிறது. 2012 ஏப்ரல் 11 நினைவிருக்கும். சுமத்ராவுக்கு மேற்கே 8.6, மதியம் 2 மணி தாண்டி. சென்னையில் கட்டடங்களை விட்டு இறங்கினார்கள், கடற்கரையைக் காலி செய்தார்கள். தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்த நிலநடுக்கம் என்பதால் கடல்தரை பெரிதாக மேலெழவில்லை, பெரிய அலையும் இல்லை. அதற்கு எட்டு வருடம் முன்னால் 2004-இல் கடல்தரை மேலெழுந்தது, நாகப்பட்டினத்துக்கு என்ன ஆனது என்று தெரியும். பெரிய எண்ணையும் கடலையும் மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. 0 என்று இருப்பதைப் பார்த்து "கடற்கரைக்குப் போகலாம், ஆபத்தில்லை" என்று ஓர் ஏஜென்ட் சொல்லும் நாள் வரவே கூடாது. சுனாமி எச்சரிக்கைக்கு ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் அறிவிப்புதான். அந்தப் புலத்தையே பதிலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பேன்.

அலர்ட் என்று பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வரும். அது உயிர், பொருள் இழப்பு எவ்வளவு இருக்கலாம் என்ற மதிப்பீடு, வரப்போவதற்கான எச்சரிக்கை இல்லை. ஃபெல்ட் என்பது "நான் உணர்ந்தேன்" என்று இணையத்தில் படிவம் நிரப்பியவர்களின் எண்ணிக்கை. காலியாக இருந்தால் யாரும் உணரவில்லை என்று அர்த்தமில்லை, யாரும் படிவம் நிரப்பவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக, எண்கள் மாறும். 2011 மார்ச் 11 ஜப்பானில் வானிலை முகமை முதலில் சொன்னது 7.9, கடைசியில் நின்றது 9.0. 2004 டிசம்பர் 26 அன்று பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் அறிக்கையில் 8.0, இன்று யூஎஸ்ஜிஎஸ் பட்டியலில் 9.1. ஸ்டேட்டஸ் புலத்தில் "ஆட்டோமேட்டிக்" என்று இருந்தால் இன்னும் ஆள் பார்க்கவில்லை, கணினி போட்ட கணக்கு என்று பொருள். அப்படி இருக்கும்போது "முதற்கட்டத் தகவல்" என்று சேர்த்துச் சொல்லும்படி எழுதுங்கள்.

சிக்கன_டோக்கன்

மேலே இருவரும் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எல்லாவற்றையும் டூல் விளக்கத்தில் அடைத்தால் கதை கந்தலாகிவிடும். வானிலை கேட்க வந்த உரையாடலிலும் அந்த முழு விளக்கமும் மாடலிடம் போகும்.

அழைப்பதற்கு முன் தெரிய வேண்டியதை மட்டும் விளக்கத்தில் வையுங்கள்: எப்போது இந்த டூல், எப்போது வேண்டாம், நேரம், வரிசை. பதிலைப் பார்த்த பிறகு தெரிய வேண்டியதைப் பதிலோடு அனுப்புங்கள். ஆழம் 10 என்று வந்தால் அந்தப் பதிவிலேயே "ஆழம் நிலையாக வைக்கப்பட்டிருக்கலாம்" என்று ஒரு குறிப்பு. பட்டியல் காலி என்றால், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, எந்த இடத்தைச் சுற்றி, எந்த அளவுக்கு மேல் தேடினோம் என்பதைத் திருப்பிச் சொல்லி, "இந்த வரம்புக்குள் யூஎஸ்ஜிஎஸ் பட்டியலில் பதிவு இல்லை" என்று ஒரு வாக்கியம். தேடிய வரம்பு கண்ணெதிரே இருந்தால் மாடல் அதையே பயனரிடம் சொல்லும், "கடந்த 30 நாட்களில்" என்ற சொல் தானாக வந்துவிடும்.

பிழைச் செய்தியும் ஆவணம்தான். ஒரு தேடலில் 20,000 பதிவுக்கு மேல் வந்தால் யூஎஸ்ஜிஎஸ் 400 பிழை (கோரிக்கை தவறு என்ற குறியீடு) தரும். அதை அப்படியே அனுப்பாமல் "காலத்தைக் குறையுங்கள் அல்லது குறைந்தபட்ச அளவைக் கூட்டுங்கள்" என்று அனுப்பினால் ஏஜென்ட் தானே திருத்திக்கொண்டு மறுபடி அழைக்கும்.

எழுத்தாணி_கோவை

மூவருக்கும் மிக்க நன்றி. சுனாமி புலத்தை எடுத்துவிட எங்கள் குழு ஒத்துக்கொண்டது, நேரமும் இடமும் பெயரிட்ட புலங்களாக வரப்போகின்றன. விளக்கத்தை மறுபடி எழுதியிருக்கிறேன். டூலில் ஆங்கிலத்தில் இருக்கும், இங்கே தமிழில் தருகிறேன்:

"நடந்து முடிந்த நிலநடுக்கங்களை யூஎஸ்ஜிஎஸ் உலகப் பட்டியலில் தேடும். இடம், காலம், அளவு பற்றிய கேள்விகளுக்குப் பயன்படுத்தவும். இனி நிலநடுக்கம் வருமா, சுனாமி வருமா, ஓர் இடம் பாதுகாப்பானதா என்ற கேள்விகளுக்குப் பயன்படுத்த வேண்டாம். சுனாமி எச்சரிக்கைக்கு அந்தந்த நாட்டு அதிகாரபூர்வ மையத்தைச் சொல்லவும். தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டும் கட்டாயம், தேதியாகத் தரலாம். நேரங்கள் யூடிசி. பயனர் சொல்லும் தேதி உள்ளூர்த் தேதி: இந்தியத் தேதி முந்தைய நாள் 18:30 யூடிசியில் தொடங்கும். 'எப்போதாவது' என்ற கேள்விக்கு 1900 முதல் தேடவும். 'பெரியது' என்ற கேள்விக்கு அளவு வரிசை கேட்கவும். ஊர்ப்பெயரால் தேட முடியாது. அட்சரேகை, தீர்க்கரேகை தெரியாவிட்டால் பயனரிடம் கேட்கவும். அமெரிக்காவுக்கு வெளியே 4 அளவுக்குக் குறைந்தவை பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இருக்காது. பதிவு கிடைக்காவிட்டால் நிலநடுக்கம் நடக்கவில்லை என்று சொல்ல வேண்டாம். தேடிய காலம், இடம், அளவைச் சொல்லி, அந்த வரம்புக்குள் பதிவு கிடைக்கவில்லை என்று சொல்லவும்."

ஏதாவது இடறுகிறதா?

தென்கரை_நிரலர்

நன்றாக வந்திருக்கிறது. தொடக்க நேரத்தைக் கட்டாயமாக்கியது நல்ல முடிவு, 30 நாள் சிக்கல் வேரோடு போய்விட்டது.

இரண்டு இடத்தில் கை வைப்பேன். "தேதியாகத் தரலாம்" என்பதை எடுத்துவிடுங்கள். முடிவு நேரத்தில் அது மறுபடி ஓட்டை போடும். 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கம், 7.8, யூடிசி காலை 6:11. முடிவு நேரம் 2015-04-25 என்று கொடுத்தால் அன்று 00:00-க்கே தேடல் நின்றுவிடும். ஏஜென்ட் அந்த நாளையும் சேர்த்துத்தான் கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும். மணி, நேர வித்தியாசம் இரண்டோடும் எழுதச் சொல்லுங்கள், இந்தியா என்றால் +05:30. டூல் அதை யூடிசியாக மாற்றி அனுப்பட்டும். மாற்றாமல் அப்படியே முகவரியில் போட்டால் அந்தக் கூட்டல் குறி இடைவெளியாக மாறிவிடும், அதையும் டெவலப்பர் காதில் போட்டு வையுங்கள்.

"தெரியாவிட்டால் பயனரிடம் கேட்கவும்" என்பதும் நடைமுறைக்கு ஒத்துவராது. யாருக்கு அவர் ஊரின் அட்சரேகை தெரியும்? மாடலுக்கு ஊர்களின் இடம் ஓரளவு தெரியும். "ஊரின் தோராயமான இடத்தை வைத்து 100 கிலோமீட்டருக்குக் குறையாத சுற்றில் தேடவும், எந்தப் புள்ளியை வைத்துத் தேடினோம் என்பதைப் பதிலில் சொல்லவும்" என்று மாற்றுங்கள். நிலநடுக்க மையம் ஊருக்குள்ளேயே விழ வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

ஏற்றுவதற்கு முன்னால் கில்லாரி, நேபாளம், புதுச்சேரி, "நேற்று ராத்திரி ஆம்பூரில் ஆடியதே" ஆகிய நான்கையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேட்டுப் பாருங்கள். ஆம்பூர்க் கேள்விக்கு தேசிய நில அதிர்வு மையத்தைப் பார்க்கச் சொல்கிறதா என்று கவனியுங்கள், உங்கள் விளக்கத்தில் அந்தப் பெயர் இன்னும் இல்லை. கேள்விகளையும் வர வேண்டிய பதில்களையும் நிரலோடு சேர்த்தே வைத்துவிடுங்கள். மாடல் மாறும்போதெல்லாம் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.